இருக்கும் பெண்களை மட்டுமே எழுதினோம்

கணக்கெடுப்புக்குக் கிளம்பும் நீங்கள் வீடு வீடாகக் கேட்கப்போகும் கேள்விகளிலேயே சுலபமானது "ஆணா, பெண்ணா?" என்பதுதான் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். புள்ளியியல் துறையில் முப்பத்து மூன்று வருடம் இருந்தேன். மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் கோவைப் பக்கத்துப் படிவங்களைச் சரிபார்த்தேன். என்னைத் தெருத்தெருவாக அலைய வைத்ததும், ஒருமுறை தலைகுனிய வைத்ததும், கடைசியில் நிமிர்ந்த தலையோடு ஓய்வுபெற வைத்ததும் அந்தச் சுலபமான கேள்விதான்.

நாட்டு மக்களில் பெண்களின் பங்கு எவ்வளவு என்று காட்டும் கோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோடு பாதியைத் தொட்டதே இல்லை. நெடுங்காலம் இறங்குமுகமாகவே வந்து, பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. கணினியில் பார்த்தால் வழுவழுவென்று அழகாக இருக்கும். அதில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே, வெயிலில் நின்று கதவைத் தட்டிய லட்சக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஓரிடத்தில் சோம்பினாலோ பயந்தாலோ புள்ளி நகர்ந்துவிடும். எனக்கு இது புரிந்தது ஒரு பெரிய தவறு செய்த பிறகுதான். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தாலுகா அலுவலகக் கூடத்தில் உட்கார்ந்து, கணக்கெடுப்பாளர்கள் கொண்டுவரும் சுருக்கப் பட்டியல்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. எழுதியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவருடைய பகுதியில் ஆண்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெண்கள் இருந்தார்கள். அந்தப் பகுதிக்குள் ஒரு நூல் மில் இருப்பது எனக்குத் தெரியும். மில் என்றால் வெளியூர் ஆண்கள் தங்கியிருப்பார்கள். மனிதர் அவசரத்தில் ஆண் பத்தியில் பெண்ணையும் பெண் பத்தியில் ஆணையும் எழுதிவிட்டார் என்று நானே முடிவுகட்டினேன். யாரையும் கேட்கவில்லை. சிவப்பு மையால் அடித்து, இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதினேன். ஒரு பெரிய பிழையைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் அன்று டீகூடக் கூடுதலாக ஒன்று குடித்தேன்.

மூன்றாம் நாள் அந்த ஆசிரியர் வந்து என் மேசை முன்னால் நின்றார். வயதில் என்னைவிட ஐந்தாறு வருடம் மூத்தவராக இருப்பார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"ஏனுங்க அம்மணி, என்ற தாளுல செவப்பு மையில திருத்துனது நீங்களுங்களா?"

"ஆமாங்க சார். ஆணும் பொண்ணும் எடம் மாறிக் கெடந்துச்சு. சரி பண்ணிப்போட்டேன்."

"அந்த மில்லுக்கு நீங்க வந்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"நா போனனுங்க. ஒவ்வொருத்தர் பேரா கேட்டு எழுதுனனுங்க. மூணு மணிக்கு ஷிப்ட் விடுது. வந்து பாருங்க. பாத்துப்போட்டும் நா எழுதுனது தப்புன்னு தோணுச்சுன்னா, இன்னொருக்காத் திருத்திக்கங்க."

போனேன். மில் வாசலுக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். சங்கு ஊதியது. கதவு திறந்ததும் பெண்களாக வந்தார்கள். எல்லோரும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள். தலைமுடியெல்லாம் பஞ்சு. வந்துகொண்டே இருந்தார்கள். மில்லுக்குள்ளேயே பெண்களுக்கு விடுதி கட்டும் வழக்கம் அப்போதுதான் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை.

தெற்குச் சீமைப் பேச்சுப் பேசிய ஒரு பெண் ஆசிரியரை அடையாளம் கண்டு நின்றாள். "சார், எங்க பேரு இங்கதான இருக்கு? ஊர்ல எங்கம்மா, எம்பேர அங்கயும் எழுதணும்னு சொன்னாளாம். எழுத வந்தவுக மாட்டேன்னுட்டாங்களாம்" என்றாள்.

"இங்கதான் இருக்குது கண்ணு. நீ ஊட்டுக்குப் போனாலும் இந்தக் கணக்குல நீ இந்த ஊருதான்" என்றார் அவர்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் ஊர்க் கணக்கில் அவள் இல்லை. இந்த ஊர்க் கணக்கில் என் சிவப்பு மை அவளை ஆணாக்கி வைத்திருந்தது. நான் அடித்தது எண்ணை அல்ல, இவர்களை.

திரும்பி வந்து என் மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். புதுத் தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தத் தாளையே என் பக்கம் தள்ளினார். "இதே தாளுல மறுபடியும் திருத்துங்க. பக்கத்துல உங்க கையெழுத்தப் போடுங்க. தப்பு யாருதுன்னு தாளே சொல்லட்டும்" என்றார். போட்டேன். அந்த ஆசிரியர் எழுதிய எண் அப்படியே மேலே போனது. அதற்குப் பிறகு, நேரில் பார்க்காமல் ஒரு எண்ணை அடித்ததே இல்லை.

இதன் பலன் அடுத்தடுத்துத் தெரிந்தது. வால்பாறையில் பகலில் போனால் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பெண்கள் யாரும் இருக்கமாட்டார்கள். தேயிலைக் காட்டில் இருப்பார்கள். வீட்டில் இருக்கும் ஆண் சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் மகள் விட்டுப்போவாள், விதவைத் தங்கை விட்டுப்போவாள். அதனால் காலை ஆறு மணிக்கே போகும்படி ஆட்களை அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். அந்தப் பெண்கள் எல்லோரும் கணக்குக்குள் வந்தார்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் என் பணிக்காலத்திலேயே கடினமான நாள். அடுத்த கணக்கெடுப்பு அது. கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். பெயரைச் சொல்லமாட்டேன். மக்கள் நம்மிடம் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லமாட்டேன்.

அந்தப் பகுதியைக் கணக்கெடுத்தவள் அமுதா என்ற இருபத்து நான்கு வயதுத் தற்காலிக ஆசிரியை. அவள் கொடுத்த சுருக்கத்தில் மொத்த எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்ற வரிக்கு வந்ததும் என் விரல் நின்றுவிட்டது. பையன்கள் இருந்த அளவில் பாதிக்குச் சற்று மேல்தான் பெண் குழந்தைகள்.

சுருக்கம் மறுநாள் மாலைக்குள் போக வேண்டும். அதற்குள் விஷயம் ஊருக்குள் பரவி, ஊர்ப் பெரியவர்கள் சிலர் எங்கள் அதிகாரியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் பழையவர் அல்ல, புதிதாக வந்தவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பயந்திருந்தார். என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"அம்மணி, இது வெளிய போனா பேப்பர்ல வரும். மேல இருந்து என்னைத்தான் கேப்பாங்க. அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, வெயிலுக்குப் பயந்து பாதி ஊட்டுக்குப் போயிருக்காதுங்க. பக்கத்து ஊரு கணக்கு உங்ககிட்ட இருக்குதில்ல? அதுக்குத் தக்கன ஒரு பதினஞ்சு, இருவது பொட்டப்புள்ளைங்களச் சேத்துப் போடுங்க. விட்டுப்போனதைத்தான சேக்கறோம்."

"அமுதா விட்டுப்போட்டாளுன்னு நமக்கு எப்படித் தெரியுமுங்க சார்?"

"பின்ன இந்த எண்ணு எப்படி வரும்? அந்தப் பொண்ணுக்கு ஒரு மெமோ குடுத்துப்போடலாம். முடிஞ்சுது."

வெளியே பெஞ்சில் அமுதா உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. எல்லாம் கேட்டிருக்கும். எழுந்து நின்றாள். "மேடம், நா எல்லா ஊட்டுக்கும் போனனுங்க" என்று மட்டும் சொன்னாள். மெமோ வந்தால் அடுத்த ஜூனில் அவளுக்கு வேலை இருக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவள் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடவும் எனக்கு வழியில்லை. அவர் சொன்னதை நம்பி எண்ணை மாற்றவும் வழியில்லை. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குதுங்களே சார். நா போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றேன். அவருக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஊரில் இருந்தோம். வீட்டு எண்களைக் காட்ட அமுதா வந்தாள். அந்த ஊர்க் கிராமச் செவிலியரையும் வரச் சொல்லியிருந்தேன். பிறந்த குழந்தைகளின் பதிவேடு அவரிடம் இருந்தது. எந்த வீட்டில் தொட்டில் ஆடுகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு கேள்வி: ஆறு வயதுக்குள் யார் யார்?

முதல் இரண்டு தெருவிலும் அமுதா எழுதியது எழுதியபடி இருந்தது. மூன்றாவது தெருக் கோடியில் ஒரு தறிக் கொட்டகை. ஓட்டம் இல்லாமல் பூட்டியிருந்தது. செவிலியர் நின்றார். "இதுக்குப் பொறவால ஒரு குடும்பம் இருக்குதுங்க மேடம்" என்றார்.

பின்பக்கம் போனோம். கொட்டகைச் சுவரோடு ஒட்டி ஒரு சாய்ப்பு வீடு. தறி ஓட்ட வந்த குடும்பம். வாசலில் மூன்று பெண் குழந்தைகள் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றும் ஆறு வயதுக்குள். அமுதாவின் படிவத்தில் அந்தக் குடும்பமே இல்லை.

அமுதாவுக்கு அழுகை வந்துவிட்டது. "பூட்டு தொங்கிட்டிருந்துச்சுங்க மேடம். பின்னால ஊடு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லீங்க." எனக்கும் சந்தேகம் வந்தது. அதிகாரி சொன்னதுதான் உண்மையோ? இப்படி இன்னும் எத்தனை கொட்டகையோ? ஒரு நொடி, இங்கேயே திரும்பிப் போய் அவர் சொன்ன எண்ணைப் போட்டுவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள், மீதிப் பேரும் எங்கேயாவது இருப்பார்கள் என்று என்னை நானே நம்பவைப்பது ரொம்ப எளிது.

"அழுகறத அப்பறம் வெச்சுக்கலாம் கண்ணு. மூணு பேரையும் எழுது. எழுதிப்போட்டு அடுத்த ஊட்டக் காட்டு" என்றேன்.

அதற்குப் பிறகு பூட்டிய கதவு ஒவ்வொன்றின் பின்னாலும் போனோம். கோழிப் பண்ணைக் காவல் அறைக்குப் போனோம். தோட்டத்துச் சாலை என்று சொல்லும் தனி வீடுகளுக்கு வரப்பில் நடந்து போனோம். மத்தியானச் சாப்பாட்டை ஒரு பம்ப் செட் அருகே நின்றபடியே முடித்தோம். புதிதாக ஒரு குழந்தைகூடக் கிடைக்கவில்லை. செவிலியரின் பதிவேடும் அமுதாவின் படிவமும் வீட்டுக்கு வீடு ஒத்துப்போயின. தேடித் தேடிக் கிடைக்காமல் போவது எப்படிப்பட்ட கனம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

சாயங்காலம் நான்கு மணி இருக்கும். தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு பெரிய வீடு. முப்பது வயதுப் பெண் ஒருவர் வாசலுக்கு வந்தார். ஒரே மகன், நான்கு வயது. படிவத்தில் இருந்ததும் அதுதான். நன்றி சொல்லித் திரும்பினோம். கேட் வரை போயிருப்போம், பின்னாலேயே வந்தார்.

"ஏனுங்க்கா, ஒரு நிமிசம் நில்லுங்க. இந்த டீச்சர் கணக்கத் தப்பா எடுத்துப்போட்டாங்கன்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்க. அதுக்குத்தான் மறுக்கா வந்தீங்களா?"

"ஆமாங்க."

"டீச்சர் மேல தப்பு இல்லீங்க." அவர் அமுதாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கு இன்னும் ரெண்டு இருந்திருக்கோணும். ரெண்டும் பொண்ணுன்னு ஸ்கேன்ல பாத்துச் சொன்னாங்க. இப்ப இல்லீங்க. அதை எழுதறதுக்கு அந்தத் தாளுல எடம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க அம்மணி."

"அப்ப இருக்கறத மட்டும் எழுதிக்கங்க. இல்லாத பொண்ணை இருக்குதுன்னு மட்டும் எழுதிப்போடாதீங்க. அப்பறம் எங்களுக்கு என்ன ஆச்சுன்னு ஆருக்குமே தெரியாமப் போயிருமுங்க."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று குரல் கொடுத்தபடியே போய்விட்டார். செவிலியர் தன் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அமுதா என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அமுதாவின் எண்ணோடு மூன்று சேர்த்தேன். மூன்று மட்டும். விடுபட்ட காரணத்தை எழுதி, எந்தெந்த இடமெல்லாம் போய்ப் பார்த்தோம் என்று ஒரு முழுப் பக்கக் குறிப்பு எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அதிகாரியின் முன்னால் வைத்தேன்.

படித்தார். "மூணுதானா?" என்றார்.

"மூணுதானுங்க சார்."

"இப்படியே அனுப்புனா என்ன ஆகும்னு தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க. மாத்தித்தான் ஆகோணும்னா நீங்க எழுத்துல உத்தரவு குடுங்க. அதையும் இந்தக் குறிப்பு கூடவே சேத்து அனுப்பிப்போடறேன்."

அவர் அந்தக் குறிப்பை இன்னொரு முறை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். "மெமோ வேண்டாம். அந்தப் பொண்ண ஊட்டுக்குப் போகச் சொல்லுங்க" என்றார்.

அவர் பயந்தபடியே செய்தி வெளியே வந்தது. மேலதிகாரிகள் கூட்டத்தில் அவரைக் கேள்வி கேட்டார்கள். அவர் எழுந்து, "வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்த எண் இது, சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பயந்த மனிதர் எழுந்து அப்படிச் சொன்னாரே, அதை என் சொந்த வெற்றியைவிடப் பெரிதாக நினைக்கிறேன். எண் பொய்யில்லை என்றான பிறகு அடுத்த கேள்வியைக் கேட்காமல் யாராலும் இருக்க முடியவில்லை. ஸ்கேன் மையங்களுக்குச் சோதனை வந்தது. சில மூடப்பட்டன. செவிலியர்கள் கர்ப்பிணிகளை முதல் மாதத்திலிருந்தே பதிந்து பின்தொடர்ந்தார்கள். அந்த ஊரிலேயே சில பெண்கள் கூடிப் பேசத் தொடங்கினார்கள். எல்லாம் ஒரே எண்ணால் நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று நாங்கள் இருபது பெண் குழந்தைகளைத் தாளில் பெற்றுப் போட்டிருந்தால், அந்த ஊரைப் பற்றி யாருமே கேட்டிருக்கமாட்டார்கள்.

பத்து வருடம் கழித்து என் கடைசிக் கணக்கெடுப்பு. அமுதா அப்போது நிரந்தர ஆசிரியை. அந்த ஊரையே வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தாள். சுருக்கப் பட்டியலை என் மேசையில் வைத்தாள். ஆறு வயதுக்குட்பட்டவர்கள் வரியைப் பார்த்தேன். பையன்களும் பெண் குழந்தைகளும் ஏறக்குறையச் சமம்.

மகிழ்ந்து குதித்தேன் என்று நினைக்காதீர்கள். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் போலாம்" என்றேன். அமுதா சிரித்தாள். "நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு தெரியுமுங்க மேடம்" என்றாள். நாம் விரும்பும் எண் வரும்போதுதான் இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். பிடிக்காத எண்ணை எல்லோரும் சோதிப்பார்கள்.

போனோம். மறுபடியும் வீடு வீடாக. தென்னந்தோப்பு வீட்டை மட்டும் அமுதாவைத் தனியே பார்க்கச் சொன்னேன். அந்தப் பெண்மணி என்னை மறுபடி பார்த்தால் பழையதெல்லாம் நினைவுக்கு வரும் என்று தோன்றியது. படிவத்தோடு ஒத்துப்போகிறது என்று வந்து சொன்னாள், அதற்குமேல் நான் கேட்கவில்லை. மற்ற வீடுகளில் அவள் எழுதிய ஒவ்வொரு பெண் குழந்தையையும் கண்ணால் பார்த்தேன். ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. ஒன்று பல் தேய்க்கமாட்டேன் என்று வாய்க்கால் பக்கம் ஓடியது. ஒன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. எண் சரியாக இருந்தது.

கடைசி வீட்டில், அந்த வீட்டு அம்மா குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்தார். ஐந்து வயது இருக்கும், ஒரு பெண் எங்கள் எதிரில் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், என்ற பேரு எழுதியாச்சா?"

"எழுதியாச்சு கண்ணு."

"எங்க, காட்டுங்க."

அவள் அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அமுதா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த வீட்டுப் படிவத்தைப் பிரித்து மூன்றாவது வரியைக் காட்டினாள். குழந்தைக்குப் படிக்கத் தெரியாது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, தன் பெயர் இருந்த இடத்தில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டாள். எடுக்கச் சொன்னாலும் எடுக்கவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை, இருக்கட்டும் என்று நாங்கள் இருவரும் அப்படியே காத்திருந்தோம்.